கோட்டைக்கு வெளியே ஒருத்தி

"இன்னாடி இது, காலையில இருந்து செவுரு கட்டிக்கினே கீற?"

இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மணி, மகளின் போனை எட்டிப் பார்த்தாள்.

"போன் கேம்மா. இவங்க பன்னெண்டு பேரும் என் ஆளுங்க. காட்டுல புதுசா ஊர் அமைச்சிருக்காங்க. கொள்ளைக்காரங்க வந்தா தப்பிக்கணும்ல, அதுக்குத்தான் கோட்டை" என்றாள் வினோதினி.

"டிகிரி முடிச்சிட்டு பொம்மைங்களுக்குக் கோட்டை கட்றா. வெளிய போயி யார்கிட்டயாவது நாலு வார்த்த பேசேன்."

"யார்கிட்ட?"

அம்மணி ஓர் இறாலின் தலையைக் கிள்ளி ஒதுக்கினாள்.

வினோதினி வாசல் கதவைப் பார்த்தாள். ராத்திரி தவிர எப்போதும் திறந்தே கிடந்த கதவு. இரண்டு மாதமாகப் பகலிலும் சாத்தியே இருக்கிறது. எதிர்வீட்டு திவ்யா வந்து உட்கார்ந்து பேசுவதும் அதோடு நின்றுபோனது.

போன் அலறியது. திரையின் ஓரத்தில் சிவப்பாக ஆட்கள் தெரிந்தார்கள்.

"வந்துட்டாங்க." கோட்டைக் கதவை மூட வினோதினி விரலைக் கொண்டுபோனாள்.

"ஏய், இரு. அங்க ஒருத்தி வெளிய கீறா பாரு."

"பழம் பொறுக்கப் போனவம்மா. வர லேட்டாயிடுச்சி."

"கூடையத் தூக்கிக்கினு ஓடியாறாடி. அவ வந்ததும் மூடு."

"ஒருத்திக்காகத் திறந்து வெச்சா உள்ள இருக்கறவங்க எல்லாரும் செத்துடுவாங்க."

கதவு மூடிக்கொண்டது. ஓடி வந்தவள் கதவின் முன்னால் நின்றாள். பிறகு சுவரை ஒட்டியே நடக்க ஆரம்பித்தாள்.

அம்மணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மகள் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"வழி தேடுறாடி. பதினோரு பேர் உள்ள பத்திரமா குந்திக்கினு இருக்க, ஒருத்திய வெளிய வுட்டுட்டு... இது இன்னா ஊரு? தொறந்து வுடு."

"தோத்துடுவேன்மா."

"தோத்துட்டுப் போ. ஒரு மனுசிய வெளிய நிக்க வெச்சிட்டு ஜெயிச்சி இன்னா பண்ணப் போற?"

வினோதினி கோட்டைக் கதவைத் திறந்தாள்.

வெளியே நின்றவள் உள்ளே ஓடி வந்தாள். பின்னாலேயே கொள்ளைக்காரர்களும் வந்தார்கள். தானியக் கிடங்கு எரிய ஆரம்பித்தது. அம்மணி அதைக் கவனிக்கவில்லை.

"வந்துட்டா, பாவம்" என்றபடி, இறால் கை படாமல் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"அத்தே..." திவ்யாவின் குரல். "அம்மாவுக்கு ரெண்டு நாளா ஜுரம். பைப்புல எங்களப் புடிக்க வுட மாட்டேங்கறாங்க. ஒரு கொடம் தண்ணி மட்டும் குடுங்க அத்தே."

போனைப் போட்டுவிட்டு வினோதினி எழுந்தாள். அம்மணி அவளுக்கு முன்னால் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தம் வராமல் போட்டாள்.

வெளியே கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. பிறகு சுவரை ஒட்டியே காலடிகள் நடந்து போயின.

அவை ஓய்ந்த பிறகுதான் அம்மணி வாயைத் திறந்தாள்.

"அவ நைனா அடுத்தவங்க முறை நாள்ல ஏரியில வலை போட்டாருன்னு ஊரே கூடி அவங்களத் தள்ளி வெச்சிருக்கு. ஒருத்திக்காகத் தொறந்தா நாளைக்கு நாமளும் வெளியதான்டி."