உருக்கமான ஜெபம்

மூப்பர் ஆசீர்வாதம் ஜெபித்தால் வீடே அழும் என்று செக்காலையில் சபையார் சொல்வார்கள். அன்று மாலை இரண்டு வீடுகளில் ஜெபம் முடித்து, மனைவி வசந்தாவோடு ஆட்டோவில் அடுத்த வீட்டுக்குப் போகும்போதும் அவர் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்து யாரு வீடு?"

"ஞானதுரை அண்ணன் வீடு. எஸ்தர் பாவம், ஒடிஞ்சுபோய் இருக்கா. மனசு வச்சு ஜெபம் பண்ணுங்க."

"நான் என்னைக்கு மனசில்லாம பண்ணியிருக்கேன்?"

அங்கே பாட்டு முடிந்ததும் ஆசீர்வாதம் எழுந்து கண்களை மூடினார்.

"ஆண்டவரே, வியாதிப்படுக்கையில் கிடக்கிற உம் மகன் ஞானதுரையைத் தொடும். அவரை எழுந்து நடக்கப்பண்ணும். சகோதரி எஸ்தரின் கண்ணீரைத் துடையும்" என்று தழுதழுத்த குரலில் மன்றாடினார். யாரோ விசும்புவது கேட்கவும் குரலை இன்னும் உயர்த்தினார்.

"ஆமென்" என்று முடித்துக் கண் திறந்தார். பதிலுக்கு ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. வசந்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எஸ்தர்தான் மெல்லப் பேசினாள். "அவுக வியாழக்கிழமையே போயிட்டாகய்யா. இது ஆறுதல் கூட்டம்."

ஆசீர்வாதத்துக்கு முகம் வெளிறிப்போனது. "மன்னிச்சிரும்மா. என்கிட்ட யாரும் சொல்லலையே."

எஸ்தர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கல்லறையில ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணுனதே நீங்கதானேய்யா."

ஆசீர்வாதம் அப்படியே முழங்காலிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். இத்தனை காலம் கூப்பிட்டதும் ஓடிவந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.