தாழ்ப்பாள்

விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த தில்லைநாயகியைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போக அண்ணன் வந்திருந்தார்.

"தனியா எப்படிம்மா இருப்ப?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. ஊர்ப் பராமரிப்புக் குழுவிலிருந்து தினமும் காலையில் வரும் ஜெனிட்டா. அண்ணன் எழுந்தார்.

"நீங்க உட்காருங்கண்ணே."

சக்கர நாற்காலியைத் தானே உருட்டிப் போனாள். உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்துக்குத் தாழ்ப்பாளைப் போன வாரம்தான் ஜெனிட்டா ஆள் வைத்து இறக்கியிருந்தாள். நாற்காலி கதவு நிலையில் இடித்தது. பின்னால் நகர்த்தி, திருப்பி, மறுபடி வந்தாள். வெளியே ஜெனிட்டா அவசரப்படுத்தாமல் நின்றிருந்தாள். கதவு திறந்தது.

"வா ஜெனிட்டா. எங்க அண்ணன், என் வீட்டுக்கு விருந்தா வந்திருக்காரு. காபி போடப்போறேன்."

அண்ணன் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்மா," என்றார்.