ஜன்னல் பாட்டிலில் ஒரு லெட்டூஸ்
கெய்ரோவில் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து இன்சாஃப் கயிறு கட்டிய கூடையை இறக்குகிறாள். கீரை வண்டிக்கார ஷஹாத்தா அதில் ஒரு லெட்டூஸை வைத்துவிட்டுக் கத்துகிறான். "ஜன்னல்லயே தோட்டம் போட்டிருக்கீங்க, என்கிட்ட எதுக்கு உம்மு ஹிஷாம்?" "ஊரைக் கூட்டாதடா, வாயை மூடு!" தெருவில் எல்லோரும் அவளை உம்மு ஹிஷாம், அதாவது ஹிஷாமின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மகன் போன விடுமுறையில் கட்டிய பாட்டில்கள் கம்பியில் தொங்குகின்றன. மண் கிடையாது, உரம் கரைத்த தண்ணீர்தான். மீன்தொட்டி மோட்டார் அதைக் களகளவென்று மேலே ஏற்ற, மத்தியான வெயில் அதில் நெளிகிறது. செடி மட்டும் வேர் அழுகிச் செத்துவிட்டது. முன்பெல்லாம் துபாயிலிருந்து பெருநாளுக்குத்தான் கூப்பிடுவான். செடி வைத்த பிறகு வெள்ளிதோறும் கூப்பிடுகிறான். வாங்கிய லெட்டூஸின் அடியைச் சீவி பாட்டில் ஓட்டையில் திணித்து, சாயாமல் விரலால் தாங்கிக்கொள்கிறாள். போன் அடிக்கிறது. "செடியைக் காட்டு யம்மா." காட்டுகிறாள். "அடேயப்பா, என்னமா தழைச்சிருக்கு! கையை எடு, இலையை மறைக்குது." மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை எடுக்கிறாள். லெட்டூஸ் நிற்கிறது. "அடுத்த வாரமும் காட்டணும், என்ன?" "காட்டுறேன்டா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டபடி, இன்றைக்கென்று கட்டிய புதுத் தலைத்துணியை இழுத்துவிட்டுப் போனைத் தன் முகத்துக்குத் திருப்புகிறாள். அவன் அதற்குள் வைத்துவிட்டான்; திரை இருண்டிருக்கிறது.