சலித்த மண்

மண் பரிசோதனைப் பயிற்சிக்கு வந்த பொறியாளர்களுக்கு ஆளுக்கொரு உருண்டை ஈரமண் கொடுத்தார்கள். கண்ணாடித் தட்டில் வைத்து, மெல்லிய திரியாகி உடையும்வரை உள்ளங்கையால் உருட்ட வேண்டும்.

"எந்த ஊரு மண்ணு சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"போன மழையில சரிஞ்சுதே கரடிமேடு, அங்க எடுத்தது," என்றார் பயிற்சியாளர்.

பியூலாவின் கை நின்றது. அந்தச் சரிவில் வீட்டோடு புதைந்த அவள் தம்பியின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. அங்கிருந்த யாருக்கும் அது தெரியாது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? காஞ்சுரும்."

"இதைச் சலிச்சீங்களா சார்?"

"சலிக்காம எப்படிம்மா?"

"சல்லடையில என்ன நின்னுச்சு?"

"கல்லு, வேரு. வழக்கமா நிக்கிறதுதான்."

"அதை எங்க சார் கொட்டினீங்க?"

"அதையெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா? உருட்டுங்க."

அவர் அடுத்த மேசைக்குப் போனார். பியூலா மறுபடி உள்ளங்கையை மண்மேல் வைத்தாள். அழுத்த முடியவில்லை.