காரும் எலுமிச்சம்பழமும்

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு புதுக் கார். “பேட்டரி தீப்பிடிக்கலாம், மாற்றித் தருகிறோம், உடனே கொண்டு வாருங்கள்” என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரர் அதைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, காரின் முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டினார்.

“அப்பாடா! இனி நீ பாத்துக்குவே,” என்றது கார், பழத்திடம்.

“கண்ணு பட்டா நான் பாத்துக்குவேன். உன் வயித்துச் சூட்டுக்கு நான் என்னடி பண்ண? எச்சரிக்கைச் சிவப்பு விளக்கைப் போடு!” என்றது பழம்.

“புதுக் காருக்கு நோயான்னு சிரிப்பாங்களே!”

“நாளைக்குப் பிள்ளைங்க ஏறுவாங்கடி.”

கார் சட்டென்று விளக்கைப் போட்டது. வீட்டுக்காரர் பதறிப்போய் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினார்.

புதுப் பேட்டரியோடு திரும்பியதும், எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“விளக்கைப் போட்டது நானாக்கும்!” என்றது கார்.

“இருக்கட்டுமே. நாலு நாள்ல வாடப்போறவ, ஒரு கும்பிடு வாங்கிட்டுப் போறேன்!”