எட்டடிப் பலகை

பலகையின் மறுமுனை தாழவில்லை.

அது முதலில் அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகுதான் அவனுக்கு.

கார் ஷெட்தான் பட்டறை. இழைப்பு மெஷினைத் தாண்டி எட்டடிப் பலகை போக இடம் கிடையாது. அதனால் சுவரில் ஒரு துளை போட்டிருந்தான். பலகையின் முனை அதன் வழியாகச் சமையலறைக்குள் போகும். அங்கே ஓர் ஆள் வாங்கிக்கொள்ள வேண்டும். இழுக்கக் கூடாது. தூக்கக் கூடாது. கனத்தை மட்டும் ஏந்திக்கொண்டு கூடவே பின்னால் நகர வேண்டும்.

கல்யாணமான நாளாக அவள்தான் வாங்கினாள்.

ஆவணியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எதைச் சொன்னாலும் ஜோக் அடிக்கிறவனோடு எவ்வளவு காலம்தான் குடித்தனம் செய்வது. "நான் போறேனுங்க" என்று அவள் சொன்னபோதும் அவன் ஒரு ஜோக்தான் சொன்னான்.

நல்ல ஜோக் வேறு.

அதற்குப் பிறகு அவள் இடத்தில் ஒரு ஸ்டூல். முனை அதில் இடித்தது, எகிறியது. விளிம்பு வில்லாக வளைந்தது. நேராக்க மறுபடி இழைத்தான். மறுபடி வளைந்தது. பலகை மெலிந்துகொண்டே வந்தது. சாப்பாட்டு மேசைக்கு வாங்கியது, கடைசியில் தோசைத் திருப்பிக்குத்தான் ஆகும் என்று சொல்லிப் பார்த்தான்.

சிரிக்க ஆளில்லை.

இன்று தையல் மெஷினை எடுத்துப்போக வந்திருந்தாள். வாசலில் அண்ணனின் வேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவன் பட்டறைக்குள் புகுந்து வேலையை ஆரம்பித்திருந்தான்.

துளையில் முனை எட்டிப் பார்த்ததும் அவள் கை தானாக நீண்டிருக்க வேண்டும்.

பலகை ஓடி முடிந்தது. மெஷினை நிறுத்தினான். மேசைக்கு அதோடு ஒட்ட வேண்டிய ஜோடிப் பலகையின் மேல் அதை விளிம்போடு விளிம்பாக நிறுத்தி, ஜன்னலுக்கு நேரே குனிந்து பார்த்தான்.

இரண்டுக்கும் நடுவே நூலளவு வெளிச்சம்கூட வரவில்லை.

பசை தடவிச் சேர்க்க வேண்டியதுதான். இனிப் பிடிக்க ஆள் வேண்டாம்.

ஸ்டூலுக்கு லீவு கொடுத்துவிடலாம் என்று ஒன்று நாக்கின் நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"இன்னும் லேசா வளைவு இருக்குது ருக்கு," என்றான் துளையைப் பார்த்து. "இன்னொருக்கா புடிக்கறயா?"



"முனையக் குடுங்க, பாக்கலாம்."

நீட்டினான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்ப்பாள். மயிரிழைக் கோணலும் அவளிடம் தப்பியதில்லை.

"ஆமாங்க," என்றாள். "துளி இருக்குது."

இழைத்தார்கள். துளி இருந்தது. திரும்ப இழைத்தார்கள். அப்போதும் இருந்தது. அவன் காலடியில் சீவல் குவிந்தது.

"அம்மணி, எல்லாம் ஏத்தியாச்சு. வா போலாம்," என்று வாசலிலிருந்து அண்ணன்.

"இருங்கண்ணா. ஒரு கை புடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன்."

அவன் மெஷினைப் போட்டான்.

பலகை பாதி போயிருந்தபோது, திறந்த கதவு வழியே வேன் கிளம்புவது தெரிந்தது. அவன் பார்வைக்கு டிரைவர் பக்கம்தான். அண்ணன் தெரிந்தார். அவருக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று தெரியவில்லை.

கையில் பலகை மட்டமாகத்தான் இருந்தது.

அவள் பிடித்திருந்தால், தள்ளத் தள்ள வழுக்கிக்கொண்டு கூடவே போகும். ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் உரசும். ஒரு விரற்கடை தள்ளினால் போதும், தெரிந்துவிடும்.

ஓடுகிற கத்தியின் மேல் பலகையை நிறுத்தவே கூடாது. நின்ற இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். கற்றுக்கொள்ள வருகிற எவருக்கும் முதலில் சொல்லித் தருவது அதைத்தான்.

அவன் தள்ளவில்லை.