கிராணியின் குளிர் அறை

பழைய கம்ப்யூட்டரைத் தர முடியாது என்று தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ஞானசேகரம் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

ஜெயபாலனுக்கு எரிச்சலாக வந்தது. ஈப்போ தலைமை அலுவலகத்திலிருந்து பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டத்துக்கு லாரியோடு வந்திருந்தான். சம்பளக் கணக்கெல்லாம் இனி ஈப்போவிலேயே. பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அறையைக் குளிர வைக்கும் ஏர்கோனைக் கழற்றிப் புது அசிஸ்டண்ட் மேனேஜரின் பங்களாவில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு.

எண்பத்திரண்டில் இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தவனும் அவன்தான். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் சாமி மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். திரையில் முதல் பச்சை எழுத்து எரிந்தபோது பாதித் தோட்டம் ஜன்னலில் நின்று பார்த்தது. யாரோ ஒரு அக்கா அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். நினைத்தால் இப்போதும் இனிக்கும்.

மெஷின் ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுது என்றார் கிராணி, அவன் முகத்தைப் பார்க்காமல். பார்க்கலாமா என்றதற்கு, பிறகு பார்க்கலாம் என்றார்.

ஜெயபாலன் வெளியே வந்ததும் லாரி டிரைவர் உடையப்பன் சிரித்தான்.

"கெராணி நாள் முழுக்க அந்த ரூமுக்குள்ளதான் இருப்பாராம் அண்ணே. தோட்டமே பேசுது. நல்லா குளிர் காயிறாருலா."

ஜெயபாலனும் தோட்டத்தில் பிறந்தவன்தான். அவன் அம்மா ரப்பர்ப் பால் வாளியோடு வெயிலில் வரிசையில் நிற்க, கிராணிமார் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்ததை அவன் மறக்கவில்லை. காலம் மாறிவிட்டது, ரப்பர் மரத்தை வெட்டிச் எண்ணெய்க்கான செம்பனை போட்டுவிட்டார்கள், இந்த மனுஷர்கள் மட்டும் மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

நேரே உள்ளே போய், கதவைத் திறக்காவிட்டால் இப்பவே ஈப்போ மேனேஜருக்குப் போன் போடுவேன் என்றான்.

கிராணி வெளியே நின்ற லாரியை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கதவைத் திறந்தார்.

"சத்தம் போடாமல் வாங்கோ தம்பி. பயந்திடுவாள்."

திரை இருண்டு கிடந்தது. மேசைக்குக் கீழே பாயில் ஒரு பெண் குழந்தை. வயது இரண்டு இருக்கும். கழற்றி வைத்த கீபோர்டை மடியில் போட்டுத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பால் போத்தல். மூலையில் கிராணியின் நாற்காலி, அதன்மேல் அவருடைய ஆபீஸ் ஃபைல்கள்.

"மெஷின் எப்பவோ செத்துப் போச்சு," என்றார் கிராணி. "சம்பளக் கணக்கைக் கையாலதான் எழுதிறனான். இவள் முத்தம்மாவின்ர பிள்ளை. தாய் செம்பனைக் காட்டில வேலை. இந்தப் பிள்ளைக்கு உடம்பு வேர்க்காது தம்பி, பிறவிக் கோளாறு. வெயில் ஏறினால் காய்ச்சல் கொதிச்சு வலிப்பு வந்திடும். குளிரான இடத்தில வச்சிருக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர். பிள்ளையளைப் பாக்கிற ஆயாக்கொட்டகையில தகரக் கூரை."

"கம்பெனிக்கிட்டக் கேட்டுப் பாத்தீங்களா ஐயா?"

"கேட்டனான். தோட்டத்துப் பிள்ளைக்கு ஏர்கோனோ எண்டு சிரிச்சவை. மெஷினுக்கு எண்டால் ஒரு கேள்வியும் இல்லை."

ஜெயபாலன் மேசைமேல் இருந்த போனை எடுத்து ஈப்போவுக்குப் போட்டான். லாரியை வெறுமனே திருப்பிக்கொண்டு வருவதாக மேனேஜரிடம் சொன்னான். அவர் காரணம் கேட்டார். அந்தப் பழைய சாமான் என்ன நிலைமையில்தான் இருக்கிறது என்று அதட்டினார்.

குழந்தை தலை தூக்கி அவனைப் பார்த்தது.

"இன்னும் நல்லா வேலை செய்யுது சார்," என்றான் ஜெயபாலன். "ஏர்கோனை மட்டும் நிறுத்திடக் கூடாது."